கிராமத்து விருந்து சாப்பிடக் கோயமுத்தூர் போன கதை

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, களத்துல காயப் போட்டுட்டு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. மஞ்சளைக் கிளறி விட்டுக்கிட்டே மனசுக்குள்ள எழுதி வெச்ச பதிவு இது. ஒரு மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டா போயிரும்னு பார்க்கிறேன்.

பையன் கோயமுத்தூர்ல சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். மாசி மாசம் அவனுக்குக் கல்யாண நாள். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்கப்பா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு எடம் பார்த்து வெச்சிருக்கேன்"னான். அந்தியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறிப் போனோம். வீட்டம்மா வழக்கம்போல ஒரு பை நிறையக் கத்திரிக்காய், மொச்சைக்காய், ராகி மாவுன்னு கட்டி எடுத்துக்கிட்டா. அன்னிக்கு ராத்திரி அவன் கார்ல ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனது 'கிராமத்துச் சாப்பாடு' போடற ஓட்டலுக்கு. பேரு வேண்டாம். பேரைச் சொல்லி ஒருத்தர் பொழப்பைக் கெடுக்கறது என் நோக்கம் இல்லை. அதுவும் போக, இந்த மாதிரி ஓட்டல் இப்ப எல்லா ஊர்லயும் முளைச்சிருச்சு.

வாசல்லயே மாட்டுவண்டி நிக்குது. உள்ளே போனா வண்டிச் சக்கரத்து மேல கண்ணாடி போட்டு அதுதான் மேசை. உரல்ல மண்ணைப் போட்டுக் குரோட்டன்ஸ் செடி வெச்சிருக்காங்க. அரிக்கேன் லைட்டுக்குள்ள கரண்டு பல்பு. எல்லாத்துக்கும் மேல, கூரையில ஒரு சாலைத் தலைகீழாத் தொங்க விட்டு அதுக்குள்ள விளக்கு எரியுது. சால்னா என்னன்னு இப்ப இருக்கிற புள்ளைங்களுக்குத் தெரியாது. கவலை ஓட்டிக் கிணத்துத் தண்ணி எறைக்கிற இரும்புப் பாத்திரம். ஒரு சால் தண்ணி மேல வர ரெண்டு எருது சரிவுல இறங்கணும், அப்புறம் பின்னாலயே ஏறணும். எங்க ஐயன் விடியக் கருக்கல்ல ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் இதேதான். நான் அரை டவுசர் போட்ட காலத்துல எருது இறங்கும்போது வடத்துல உக்காந்து சவாரி போனது ஞாபகம் இருக்கு. மோட்டார் வந்து கவலை நின்னப்ப ஐயனுக்கு அவ்வளவு சந்தோசம். எங்க சால் பழைய இரும்புக்காரனுக்குப் போயிருச்சு. அது சுத்திச் சுத்தி இங்கதான் வந்து தொங்குதோ என்னமோ.

இதுல எல்லாம் எனக்கு ஒண்ணும் கோபம் இல்லீங்க. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. பேத்தி உரல் மேல ஏறப் போனா, ஒரு பொண்ணு ஓடி வந்து "அது டெக்கரேசன் பாப்பா"ன்னு இறக்கி விட்டுச்சு.

கதவைத் திறந்ததும் வேட்டி கட்டித் தலையில செவப்புத் துண்டு சுத்தின நாலு பசங்க ஒரே குரல்ல "வாங்க மாமோய்"னு கத்தினாங்க. நான் பதறிப் போய் "வாரேன் சாமி"ன்னு கும்பிட்டேன். ஆனா அந்தப் பசங்க அதுக்குள்ள எங்களுக்குப் பின்னால வந்தவங்களுக்குக் கத்திக்கிட்டு இருந்தாங்க. கதவு திறந்தா கத்தணும், அவ்வளவுதான். ஒரு பையனும் எங்களைப் பார்த்து "எத்தனை பேரு, உக்காருங்க"ன்னு சொல்லலை.

இருபது நிமிசம்னு சொல்லி நாப்பது நிமிசம் நிக்க வெச்சாங்க. உள்ளே மூணு மேசை காலியாத்தான் கிடந்துச்சு. கேட்டா "ரிசர்வ்டு சார்". எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. உக்கார ஒரு ஸ்டூல் கேட்டதுக்குத் திண்ணையைக் காட்டினாங்க. அந்தத் திண்ணையில வரிசையாப் பித்தளைக் குடம் அடுக்கி வெச்சிருக்கு. வழிப்போக்கன் உக்காரத்தான் ஊர்ல திண்ணை கட்டினாங்க. இங்க குடம் உக்காந்திருக்கு, மனுசன் நிக்கிறான்.

அந்த நேரத்துல ஒரு தமாசு நடந்துச்சு. நான் வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, தோள்ல துண்டோட ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில இருந்த ஒரு அம்மிணி என்னைப் பார்த்து, "அண்ணா, தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு, கொஞ்சம் பாருங்க"ன்னு சொல்லிச்சு. மருமகளுக்கு மூஞ்சி செவந்து போச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பக்கத்துல இருந்த மேடையில ஜக்கு இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். அந்த அம்மிணி நன்றி சொல்லிச்சு. அன்னிக்கு அந்த ஓட்டல்ல தண்ணி கேட்டவங்களுக்குத் தண்ணி கிடைச்சது அந்த ஒரு தடவைதான்னு நினைக்கிறேன். ஏன்னா நாங்க உக்காந்து வெந்நீர் கேட்டோம், கடைசி வரைக்கும் வரலை. பாட்டில் தண்ணி மட்டும் கேக்காமலே மூணு வந்துச்சு.

மெனு புஸ்தகம் இல்லை. மேசையில ஒட்டியிருக்கிற கட்டத்தைப் போன்ல காட்டிப் பார்த்துக்கணும். பார்த்தா முழுக்க இங்கிலீசு. களிக்கு நேரா ரெண்டு வரி இங்கிலீசுல என்னமோ போட்டிருந்துச்சு. பையன் படிச்சுச் சொன்னான்: நம்ம முன்னோர்களோட ரகசிய உணவாம். என்ன ரகசியம்னு எனக்குத் தெரியலை. அரிசி வாங்க வழியில்லாததால தின்னது அது. எங்க வீட்டுல அரிசிச் சோறுங்கறது நோம்பிக்கும், ஒரம்பரைக்கும், காய்ச்சலுக்கும்தான். 2023-ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுக்கு அப்புறம் ராகிக்கு ஒரு மவுசு வந்துச்சு. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை.

நான் களி சொன்னேன். பையனும் வீட்டம்மாவும் அரிசியும் பருப்பும். மருமக நாட்டுக்கோழிக் குழம்பு ரெண்டு சொன்னா. பேத்திக்கு ஒரு தோசை.

களி எப்படிக் கிண்டறதுன்னு டவுன்ல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும், அப்பத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். பானையில தண்ணி கொதிக்கணும். ஒரு பிடி நொய் போட்டு அதைக் குழைய விடணும். அப்புறம் ராகி மாவை நடுவுல குவியலாக் கொட்டி, கிளறாம, குச்சியால ஒரு குழி மட்டும் போட்டு மூடி வைக்கணும். அந்தக் குழி வழியாத் தண்ணி பொங்கி மேல வந்து மாவு வேகணும். இங்கதான் பொறுமை வேணும். அவசரப்பட்டுக் கிண்டினா உள்ளே பச்சை மாவு கட்டி தட்டிரும். வெந்தப்புறம் பானையை இறக்கிக் காலால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் கிண்டணும். ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சூடா உருட்டி வட்டல்ல வெச்சு, நடுவுல குழி பண்ணிக் கீரைக் கடைசலை ஊத்தினா, மெல்லவே வேண்டாம், தானா வழுக்கிக்கிட்டுப் போகும்.

வந்தது என்னன்னா, வாழையிலை விரிச்ச மண் தட்டுல ஒரு உருண்டை. மேல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கு. எப்பவோ பண்ணி வெச்சதைச் சூடு காட்டிக் கொண்டாந்திருக்காங்க, மேல சூடு, உள்ளே சில்லுன்னு இருக்கு. பிட்டேன். நடுவுல வெள்ளை வெள்ளையாப் பச்சை மாவு. வாயில போட்டா மண்ணு மாதிரி கரகரன்னு இருந்துச்சு. ஒரு சின்னக் கிண்ணத்துல கீரை, ரெண்டு கரண்டி வரும். இன்னும் கொஞ்சம் கீரை கேட்டேன். "எக்ஸ்ட்ரா அறுபது ரூபாய் சார்."

விலை 190. 2025-26க்கு ராகிக்கு அரசாங்கம் வெச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோ ஐம்பது ரூபாய்க்கும் கீழே. ஒரு உருண்டைக்கு நூறு கிராம் மாவுன்னு வெச்சா அஞ்சு ரூபாய் ராகி. ஆனா அஞ்சு ரூபாய் சாமானை 190-க்கு விக்கிறான்னு நான் சொல்ல வரலை. கட்டட வாடகை, ஏசி, கரண்டு, இருபது பேருக்குச் சம்பளம், எல்லாம் இருக்கு. ஓட்டல்காரரும் பொழைக்கணும். என் கோபம் காசு மேல இல்லை. குழி போட்டு மூடி வைக்க ஒரு இருபது நிமிசம் ஆகுமே, அந்த இருபது நிமிசத்தை அந்த ராகிக்குக் குடுக்கலையே, அது மேலதான். வண்டிச் சக்கரம் தேடி வாங்க ஆள் அனுப்பியிருக்காங்க. களி கிண்டத் தெரிஞ்ச ஒரு பாட்டியைத் தேடி வேலைக்கு வெச்சிருக்கக் கூடாதா?

நாட்டுக்கோழி பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்லை. கறி எலும்பை விட்டுத் தானாக் கழண்டு வந்துச்சு. எங்க வீட்டுக் கோழி மேய்ஞ்சு திரிஞ்சு ஒண்ணரைக் கிலோ வர அஞ்சாறு மாசம் ஆகும், எலும்பைக் கடிச்சாப் பல்லு பேசும். பிராய்லர் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வந்துரும். பல்லடத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு எங்களுக்கே இதைக் குடுக்கிறாங்களேன்னு பையன் தலையில அடிச்சுக்கிட்டான். அரிசியும் பருப்பும் இன்னொரு கூத்து. அதுல சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கடலெண்ணெய், இறக்கும்போது நெய், இவ்வளவுதான் மணம். இவங்க பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் போட்டு, மேல முந்திரி வறுத்துத் தூவி, பருப்புப் பிரியாணி ஆக்கி வெச்சிருந்தாங்க. வீட்டம்மா ரெண்டு வாய் வெச்சுட்டு, "ஏனுங்க, இதைச் சமைச்சவங்க ஒரு தடவையாச்சும் தின்னு பார்த்திருப்பாங்களா?"ன்னா. பேத்தியோட தோசை நாங்க எல்லாரும் கை கழுவற நேரத்துல வந்துச்சு. புள்ள அதுக்குள்ள தூங்கிப் போச்சு.

எங்க மேசையைப் பார்த்துக்கிட்ட பையனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். "வாங்க மாமோய்" கத்தினதுல ஒருத்தன். தட்டு எடுக்க வந்தப்ப, பாதிக்கு மேல களி மிச்சம் கிடக்கறதைப் பார்த்துட்டு நின்னான். "எந்த ஊரு சாமி?"ன்னு கேட்டேன். ஜார்க்கண்டாம். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வருது. அப்பா விவசாயமான்னு கேட்டதுக்குத் தலையை ஆட்டினான். அப்புறம் அந்தக் களியைக் காட்டி மெல்லமா, "மடுவா"ன்னான். எனக்குப் புரியலை. பையன் போன்ல தேடிச் சொன்னான், அவங்க ஊர்ல ராகிக்கு அதுதான் பேரு. ரொட்டி தட்டிச் சாப்பிடுவாங்களாம். "அங்கிள், எங்க வீட்டுல... அம்மா..."ன்னு ஏதோ சொல்ல வந்தான், வார்த்தை கிடைக்கலை. கடைசியில சுத்தியும் ஒரு பார்வை பார்த்துட்டு, "இது நல்லா இல்லை"ன்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அந்த ஓட்டல்ல ராகியைத் தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான் போல. அவனுக்குச் செவப்புத் துண்டைக் கட்டி வாசல்ல கத்த விட்டிருக்காங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் எழுதலாமா வேண்டாமான்னு ஒரு மாசம் யோசிச்சேன்.

மருமக எல்லாருக்கும் இளநீர் பாயசம் சொல்லியிருந்தா. அது வந்தது தேங்காய்த் தொட்டியில. நீங்க கொட்டாங்குச்சின்னு சொல்வீங்க. நல்லா இழைச்சு, எண்ணெய் பூசி, பளபளன்னு கறுப்பா இருந்துச்சு. மருமக போட்டோ எடுத்தா, "மாமா, இது உங்க ஊர் ஸ்டைல்தானே?"ன்னு கேட்டா. நான் தொட்டியைக் கையில எடுத்துட்டுக் கீழே வெச்சுட்டேன். சக்கரை ஆகாதுன்னு சொல்லிட்டேன். எனக்குச் சக்கரை வியாதியும் இல்லை, ஒண்ணும் இல்லை.

ஆமா, அது எங்க ஊர் ஸ்டைல்தான். எங்க தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்தவங்களுக்கு எங்க அப்பத்தா கஞ்சியும் காப்பியும் ஊத்தினது தேங்காய்த் தொட்டியிலதான். வீட்டு டம்ளர் அவங்களுக்குக் கிடையாது. அவங்கவங்க தொட்டி மாட்டுக் கொட்டாய் எறவாணத்துல சொருகி இருக்கும். அவங்களே எடுத்து, அவங்களே கழுவி, அங்கயே சொருகிட்டுப் போகணும். அப்பத்தா எட்ட நின்னு மேல இருந்து ஊத்தும். என் வயசுப் பையன் ஒருத்தன் எங்க மாடு மேய்ச்சான். எங்க அம்மா எனக்குப் பாயசம் ஊத்தின வட்டலையும், அவனுக்கு ஊத்தின தொட்டியையும் நான் இன்னிக்கும் கண்ணுக்கு முன்னால பார்க்கிறேன். நான் ஒண்ணும் கேக்கலை. கேக்கணும்னே அப்பத் தோணலை, அதுதான் உண்மை.

எங்க வீட்டுல அது எப்ப நின்னுச்சு தெரியுங்களா? யாருக்கும் மனசு மாறி நிக்கலை. திருப்பூர்ல பனியன் கம்பெனி பெருகுச்சு, ஆளுங்க வண்டி ஏறிப் போயிட்டாங்க. தோட்டத்து வேலைக்கு ஆள் பஞ்சம். அப்பத்தான் டம்ளர் வெளியே வந்துச்சு. அதுவும் மொதல்ல தனி டம்ளர். அந்த மாடு மேய்ச்ச பையன் இப்பத் திருப்பூர்ல சொந்தமா மெசின் போட்டிருக்கான். போன வருசம் ஒரு கல்யாணத்துல பார்த்தோம், பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம். பழசு எதையும் அவன் பேசலை, நானும் பேசலை.

மருமக டவுன்ல பொறந்து வளர்ந்த புள்ள, அதுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மிணி, நீ இதைப் படிச்சா, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு தெரிஞ்சுக்கோ. அந்த ஓட்டல்காரருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா கிராமத்து உபசரிப்புன்னு போர்டு போட்டு விக்கறவரு, யாருக்கு இலை போட்டாங்க, யாருக்குத் தொட்டியில ஊத்தினாங்கன்னு ஊர்ல ஒரு வயசான ஆளைக் கேட்டிருக்கலாம். அந்தப் பாயசம் 140 ரூபாய்.

பில் வந்துச்சு. சாப்பாடு, தண்ணி எல்லாம் சேர்த்து 2,160. அதுக்கு மேல 'ஸ்டாஃப் வெல்ஃபேர்'னு பத்து சதவீதம், 216. அதையும் கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டி அஞ்சு சதவீதம். ஆக மொத்தம் 2,495. இருபது ரூபாய் தண்ணி பாட்டில் நாப்பது போட்டிருந்தாங்க. அதைக் கேக்க முடியாது, ஓட்டல்ல அச்சடிச்ச விலைக்கு மேல விக்கலாம்னு 2017-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. ஆனா அந்தப் பத்து சதவீதம் வேற கதை. சர்வீஸ் சார்ஜைப் பில்லுல தானாச் சேர்க்கக் கூடாது, வேற பேரு வெச்சும் வாங்கக் கூடாது, குடுக்கறதும் குடுக்காததும் சாப்பிடறவங்க இஷ்டம்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிருச்சு. ஓட்டல்காரங்க கேசு போட்டாங்க, 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவு சரிதான்னு தீர்ப்பு குடுத்திருச்சு. இது எனக்கு அன்னிக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு இந்த மாதிரி நடந்தா 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம்.

அந்த 216 அந்தப் பையனுக்குப் போகுமான்னு அவனையே கேட்டேன். சிரிச்சான். தலையை ஆமான்னும் ஆட்டலை, இல்லைன்னும் ஆட்டலை.

மேனேஜர் போனை நீட்டிக்கிட்டு வந்தாரு. "சார், எப்படி இருந்துச்சு? ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு, சர்வ் பண்ணின தம்பி பேரையும் போட்டுடுங்க, அவனுக்கு உதவியா இருக்கும்." பக்கத்துல அந்தப் பையன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். பையன் என் மூஞ்சியைப் பார்த்தான். நான் வீட்டம்மா மூஞ்சியைப் பார்த்தேன். "போட்டுரு கண்ணு, பாவம்"னா அவ. போட்டுட்டோம், அஞ்சு ஸ்டார். வீட்டுக்கு வந்து போன்ல பார்த்தா அந்த ஓட்டலுக்கு நாலரை ஸ்டார் இருக்கு. அதுல எங்களுதும் ஒண்ணு. மத்ததுல எத்தனை இப்படிப் 'பாவம்'னு விழுந்ததோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். களி வேகலைன்னு மேனேஜர்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. சொன்னா அது சமைச்சவரு மேல விழாது, முதலாளி மேலயும் விழாது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கற அந்தப் பையன் மேலதான் விழும்னு பயம். யோசிச்சுப் பார்த்தா அவனை அங்க நிறுத்தி வெச்சதே அதுக்குத்தான்.

டவுன் ஓட்டல் எல்லாம் இப்படித்தான்னு சொன்னா நான் நன்றி கெட்டவன் ஆயிருவேன். உக்கடம் பக்கம் ஒரு சின்ன மெஸ் இருக்கு. கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கேன். அலங்காரம்னா ஒரு தினசரிக் காலண்டர்தான். முதலாளி வயசானவரு, அவரே ரச வாளியைத் தூக்கிக்கிட்டு இலை இலையாப் பார்த்துக்கிட்டு வருவாரு. என் இலையில பொரியல் அப்படியே இருக்கறதைப் பார்த்துட்டு, "ஏனுங்க, உப்பு தூக்கலா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ஒரு துளி எடுத்து வாயில போட்டுப் பார்த்துட்டு உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டாரு. அடுத்த பந்திக்கு அந்தப் பொரியல் போடலை. அன்னிக்கு அந்தச் சாப்பாடு எம்பது ரூபாய். நான் சொல்ல வர்றது இதைத்தான். பரிமாறுறதுன்னா கரண்டியில எடுத்துப் போடறது மட்டும் இல்லை, இலையைப் பார்க்கறது. அதுக்குக் காசு செலவே இல்லை. ஆனா பார்க்கற ஆளுக்குச் சமையல்கட்டுல குரல் இருக்கணும். அந்த ஜார்க்கண்டுப் பையன் இலையைப் பார்த்தான், சரியாவும் பார்த்தான். அவன் சொன்னா உள்ளே கேக்க ஆள் இல்லை.

கிராமத்துல மட்டும் என்ன வாழுதுன்னு கேப்பீங்க. நியாயம்தான். போன தை மாசம் என் தங்கச்சி மகன் கல்யாணம். கேட்டரிங்காரரு இருபத்தேழு ஐட்டம்னு அச்சடிச்சுக் குடுத்தாரு. அத்தனையும் இலைக்கு வந்துச்சு. ஆனா பரிமாறின பசங்க ஓட்டமா ஓடினாங்க, ரசம் கேட்டவங்களுக்குப் பாயசம் ஊத்தினாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒருத்தராச்சும் பந்தியில நடந்து "என்னங்க வேணும்?"னு கேக்கலை, எல்லாரும் மேடையில போட்டோவுக்கு நின்னாங்க. நானும் அதுல ஒருத்தன். எங்க வீட்டுலயே இப்பக் களி மாசத்துக்கு ரெண்டு தடவைதான். பாமாயில் வருது, பாக்கெட் மசாலா வருது. நாங்க ஒழுங்குன்னு பீத்திக்க இந்தப் பதிவை எழுதலை.

அதனால டவுன்ல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உங்க காசைக் கேட்டுத்தான் இந்த மாதிரி ஓட்டல் எல்லாம் வருது. ஊரை விட்டு வந்துட்டோமேன்னு உங்களுக்கு ஒரு ஏக்கம் இருக்கு, அது எனக்குப் புரியுது. என் பையனுக்கும் அதுதான், இல்லைன்னா அங்க ஏன் கூட்டிக்கிட்டுப் போறான்? ஆனா அடுத்த தடவை போகும்போது சக்கரத்தையும் சாலையும் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி களி உள்ளே வெந்திருக்கான்னு பிட்டுப் பாருங்க. வேகலைன்னா முதலாளி எங்கன்னு கேளுங்க, அவருகிட்டச் சொல்லுங்க. தட்டு எடுக்கற பையன்கிட்டச் சத்தம் போடாதீங்க. நான் செய்யாததை உங்களைச் செய்யச் சொல்றேன், தெரியுது. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு வந்தவன்தானே நானு.

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பதினொண்ணு. பசி. வீட்டம்மா பையில இருந்து எங்க ராகி மாவை எடுத்தா. பையன் வீட்டுல களிக் குச்சி இல்லை, சப்பாத்திக் கட்டையாலயே கிண்டினா. கீரைக்கு வழியில்லை, தயிரும் ஊறுகாயும்தான். மருமகளும் ஒரு உருண்டை வாங்கிக்கிட்டா. பாதிதான் சாப்பிட்டா, பழக்கம் இல்லை.

கடைசியா ஒரு உதவி. பில் போடும்போது போன் நம்பர் கேட்டாங்கன்னு நான் என் நம்பரைக் குடுத்துட்டேன். இப்ப வாரம் தவறாம வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ் வருது: 'மாமோய், உங்க ஊர் விருந்து உங்களுக்காகக் காத்திருக்கு, இருபது சதவீதம் தள்ளுபடி'. மஞ்சள் களத்துல நிக்கும்போது கூட வந்துச்சு. இதை எப்படி நிறுத்தறதுன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.